மணிக்கூண்டு தெரிய வேண்டும்

மரம் நடுவதற்குச் சம்பளம் வாங்குகிற தொழிலில் இருந்துகொண்டு, மரம் வெட்ட அனுமதி கேட்டுக் கேட்டே பாதி ஆயுளைத் தொலைத்தவள் கெசினே. ஜெர்மனியில் எங்கள் ரீட்லோ கிராமத்தில் அவளுக்கு "மரம்வெட்டி மகராணி" என்று பெயர். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் வேறு யாருமில்லை, என் தம்பி ஹைனர்தான். ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தலைவன் அவன். நாலு பேர் எங்கே கூடினாலும் நடுவில் நின்று பேசுகிறவன்.

நான் இம்கே. கெசினேயின் தோட்ட வடிவமைப்பு ஆபீசில் பிளான் வரைகிறவள். ஆபீஸ் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் இரண்டு பேர், அடிக்கடி மக்கர் பண்ணுகிற ஒரு பிரிண்டர், அவ்வளவுதான். பாலர் பள்ளிக்கு மணல்குழி, முதியோர் இல்லத்துக்கு நடைபாதை, ரவுண்டானாவுக்குப் பூச்செடி என்று வயிற்றுப்பாட்டுக்கு வரைந்துகொண்டிருந்தோம். ரீட்லோ முகாம் வேலை வந்த பிறகுதான் கெசினேக்கு இந்தப் பிடிவாதமெல்லாம் பிடித்தது. அல்லது முன்பே இருந்த பிடிவாதம் வெளியே வந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிகிற அந்தக் கடைசிக் குளிர்காலத்தில் எங்கள் ஊருக்குத் தெற்கே ஒரு பெண்கள் முகாம் இருந்தது. ஹங்கேரியிலிருந்து பிடித்துவந்த யூதப் பெண்களை வைத்துக் குண்டுத் தொழிற்சாலையில் வேலை வாங்கினார்கள். போர் முடிந்ததும் கொட்டகைகளைப் பிரித்து எரித்துவிட்டு, முகாமுக்கும் ஊருக்கும் நடுவில் நெருக்கமாகப் பைன் கன்றுகளை நட்டார்கள். நட்டது எங்கள் ஊர்க்காரர்கள். நட்ட கை காயும் முன்பே, அந்தக் காடு எந்தக் காலத்திலும் அங்கேயே இருந்த மாதிரி பேசவும் ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு நடை பழக்கும்போதே ஒரு வாக்கியத்தையும் பழக்கிவிடுவார்கள்: "நடுவுல காடு இருந்துச்சு, நமக்கு ஒண்ணும் தெரியாது." என் அம்மா அதைச் சொல்லாத வருடம் கிடையாது. அவள் போய் ஆறு வருடமாகிறது. அதற்குப் பிறகு ஹைனர் சொல்ல ஆரம்பித்தான்.

அந்த இடத்தை நினைவிடமாக மாற்ற வேண்டும் என்று வந்தபோது ஆளாளுக்கு ஓர் ஆசை. ஒருவருக்குக் கருங்கல் தூண், இன்னொருவருக்கு வெள்ளை ரோஜாத் தோட்டம், மந்திரி ஆபீசுக்குத் தண்ணீர் ஊற்று. கெசினே மட்டும் எதையும் வைக்க மாட்டேன் என்றாள். காரணம் ஷாரி அம்மா.

ஷாரி அம்மா அந்த முகாமில் பதினேழு வயதில் இருந்தவர். புடாபெஸ்டில் வாழ்ந்துவந்தார். பள்ளியில் படித்த ஜெர்மன் மறந்திருக்கவில்லை. முதல் தடவை வந்தபோது பைன் மரங்களுக்கு நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கெசினேயிடம் சொன்னார்:

"தினமும் விடியக்காலையில இங்க எங்களை நிக்கவச்சு எண்ணுவாங்க. மணிக்கணக்கா. எதிர்ல உங்க ஊர் மணிக்கூண்டு. என் தங்கச்சி இபோயா அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு நிப்பா. இன்னும் பத்து நிமிஷம்தான், இன்னும் அஞ்சு நிமிஷம்தான்னு எனக்குச் சொல்லிக்கிட்டே இருப்பா. அப்படிச் சொல்லிக்கிட்டிருக்கும்போதே ஒருநாள் விழுந்துட்டா. எனக்குக் கல்லு வேண்டாம், பூ வேண்டாம் கண்ணு. இதே இடத்துல நின்னா அந்த மணிக்கூண்டு தெரியணும். இங்கேருந்து அது தெரிஞ்சுதுன்னா, அங்கேருந்து நாங்களும் தெரிஞ்சிருப்போம் இல்ல?"

அவ்வளவுதான். அந்தக் கிழவி உயிரோடு இருக்கும்போதே அதே இடத்தில் நிற்கவைத்து மணிக்கூண்டைக் காட்ட வேண்டும். கெசினேக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. திடலிலிருந்து ஊர் வரை, காட்டுக்கு நடுவே அகலமான ஒரு பட்டையாக மரங்களை வெட்டித் திறந்தால் போதும். பிளானில் அதை வரைய எனக்கு இரண்டு கோடுதான் ஆனது. அனுமதி வாங்க ஒன்பது வருடம் ஆனது.

சும்மா சொல்லக்கூடாது, ஒவ்வொருவரும் நல்ல காரணத்தோடுதான் வந்தார்கள். மாவட்ட இயற்கைப் பாதுகாப்பு அதிகாரி கோல்பே, பச்சைச் சட்டையும் தொங்கும் தொலைநோக்கியுமாக வந்து, அந்த இடத்தில் ஓர் அரிய வானம்பாடி கூடு கட்டுகிறது என்றார். அது வெட்டவெளியில் கட்டுகிற பறவை, மரத்தை எடுத்தால் அதற்குக் கொண்டாட்டம்தான் என்று நிரூபிக்கவே இரண்டு வருடம் ஓடியது. நிதிக்குழுவில் ஒருவர், "அம்மணி, இதுல நீங்க வடிவமைச்சது எதுங்க? வெறும் காலி இடம்தானே?" என்று கேட்டார். கெசினே மேசையைத் தட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். வரும்போது என் கோட்டையும் சேர்த்து எடுத்து வந்துவிட்டாள். குளிரில் நடுங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

ஊரைச் சமாதானப்படுத்த ஹைனர் வீட்டுக்கே காப்பிக்குப் போனோம். அது எங்கள் அம்மா பிறந்து வளர்ந்த வீடு, தேவாலய மணிக்கூண்டுக்குப் பக்கத்தில். நான் டவுனுக்குக் குடிபோனதிலிருந்து அவன்தான் அங்கே இருக்கிறான்.

"காத்து வரும் கெசினே மேடம். தெக்குக் காத்து நேரா எங்க வீட்டுக்குள்ள பூந்துடும்," என்றான்.

"காத்து வந்தா ஜன்னலைச் சாத்திக்குங்க."

"எழுபது வருஷமா நிக்கிற காடு!"

"எழுபது ஆகல ஹைனர். அறுபத்தஞ்சுதான். வேணும்னா ஒண்ண வெட்டி வளையத்தை எண்ணிப் பார்ப்போமா?"

அவன் கேக்கைக் கத்தியால் கொத்திக்கொண்டிருந்தான். கெசினே கோபத்தை அடக்க எழுந்து கொல்லைப்பக்கம் போனாள், நானும் போனேன். வடக்குச் சுவரோரம், கொட்டகை நிழலில் துணி காயப்போட்டிருந்தது. இந்த வேலையில் இருக்கிறவளுக்கு வெயிலும் நிழலும் கண்ணில் படாமல் போகுமா?

"யாரு இந்தக் கொடியை இங்க கட்டினது? முன்னால அவ்ளோ பெரிய புல்வெளி வெயில்ல வீணாக் கிடக்கு!"

"அம்மா கட்டினது. இடத்தை மாத்துன்னு சொன்னா அடிக்க வருவா. சின்ன வயசுல நாங்க ஈரப் போர்வையிலதான் படுத்தோம்," என்றேன். அது எங்கள் வீட்டுப் பழைய எரிச்சல். ஹைனரின் மனைவியும் அதே கொடியில்தான் போடுகிறாள். மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

எப்படியோ அனுமதி வந்தது. வந்த நேரத்தைப் பாருங்கள், பிப்ரவரி கடைசி வாரம். மார்ச் முதல் தேதியிலிருந்து செப்டம்பர் முடிய எங்கள் நாட்டில் மரத்திலும் வேலியிலும் கத்தி வைக்கக்கூடாது, குருவி கூடு கட்டுகிற காலம். ஏப்ரல் நடுவில் முகாம் விடுதலையான எழுபதாம் ஆண்டு விழா. மழையில், சேற்றில், ஐந்து நாளில் வெட்டி முடித்தார்கள். கடைசி மரம் சாய்ந்ததும் நாங்கள் ஆள் எண்ணும் திடலில் நின்றோம். நேர் எதிரே மணிக்கூண்டு. கறுத்த முகம், தங்க முள். அதன் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கூரை. இவ்வளவு கிட்டத்திலா! கெசினே குழந்தை மாதிரி அழுதாள். ஹைனரும் வந்திருந்தான். தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான், போய்விட்டான்.

அதைப் பார்த்து, அவன் மனம் மாறிவிட்டான் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். மாறித்தான் இருந்தான். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

மார்ச் கடைசியில் கெசினே புடாபெஸ்டுக்குப் போனாள். ஷாரி அம்மாவால் பயணம் செய்ய முடியுமா என்று டாக்டரிடம் பேசி, வீல்சேருக்கு ஏற்பாடு பண்ணி, "மணிக்கூண்டு தெரியுது, கிளம்பி வாங்க" என்று நேரில் சொல்லிவிட்டு வந்தாள். விமான நிலையத்தில் நான் காரோடு காத்திருந்தேன். ஷாரி அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்புவதாகச் சொல்லியிருந்தாளாம், நேராகத் திடலுக்கு விடு என்றாள். சனிக்கிழமை.

தூரத்திலிருந்தே பேண்டு வாத்தியம் கேட்டது. நீள மேசை போட்டு, ஊரே கூடி நின்று வெண்ணெய்க் கேக்கும் பீருமாக இருந்தது. தீயணைப்புப் படை ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். எங்களைப் பார்த்ததும் எல்லாரும் கைதட்டினார்கள்.

திடலின் விளிம்பில், நினைவிட எல்லைக்கு ஒரு சாண் வெளியே, வெட்டித் திறந்த பட்டைக்குக் குறுக்கே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு மரவரிசை. உயிர்வேலிக்கு வைக்கிற ஹைன்பூகே மரம், இரண்டு ஆள் உயரத்தில் நர்சரியிலிருந்து வாங்கியது, தோளோடு தோள் இடித்து நட்டிருந்தார்கள். வேறு மரமாக இருந்தாலாவது ஏப்ரலில் மொட்டையாக நிற்கும், இடுக்கு வழியாகப் பார்க்கலாம். இந்தப் பாழாய்ப்போன ஹைன்பூகே மட்டும் புது இலை வரும்வரை பழைய பழுப்பு இலையை உதிர்க்காமல் பிடித்துக்கொண்டு நிற்கும். மணிக்கூண்டு இல்லை. ஊர் இல்லை. பழுப்புச் சுவர்தான் இருந்தது. ஒவ்வொரு மரத்தின் கழுத்திலும் பித்தளைத் தகட்டில் ஒரு பெயர். முகாமில் செத்த பெண்களின் பெயர்.

"எப்படி இருக்கு மேடம்?" என்று ஹைனர் கேட்டான். முகமெல்லாம் சிரிப்பு. "வெட்டின மரத்துக்கு ஈடா நடணும்னு கோல்பே சார் சொன்னாரு. வெறும் மரமா எதுக்கு நடணும்? ஒவ்வொரு அம்மாவுக்கும் ஒரு மரம்! ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் வந்தாங்க. உங்களுக்குச் சர்ப்ரைஸா இருக்கட்டும்னு அக்காகிட்டகூடச் சொல்லல."

கெசினே வாயைத் திறந்தாள்.

"யோவ்! உனக்கு அறிவிருக்கா? ஒன்பது வருஷம்! ஒன்பது வருஷம் நாயா அலைஞ்சு திறந்த கதவை ஒரு மத்தியானத்துல மூடிட்டு, கேக்கு தின்னுக்கிட்டு நிக்கிறியே!"

பேண்டு நின்றுவிட்டது. ஹைனரின் சிரிப்பு அப்படியே காய்ந்தது.

"மூடலையே... மரியாதை பண்ணினோம். வெட்டவெளியா இருந்துச்சே, பார்க்கவே... யாருக்கும் தூக்கம் வரல மேடம். ஏதாவது செய்யணும்னு தோணுச்சு."

"தூங்காம இருக்கத்தான்யா திறந்தது! பிடுங்கு. இப்பவே பிடுங்கு."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் விசும்ப ஆரம்பித்தாள். ஹைனர் தாழ்ந்த குரலில் சொன்னான்: "நீங்களே பிடுங்குங்க. பேரு போட்டிருக்கு. எந்தப் பேரை முதல்ல பிடுங்குறீங்க?"

கெசினே ஒரு மரத்தைக் கையால் பிடித்தாள். தகட்டைப் படித்தாள். கையை எடுத்துவிட்டாள். மிச்சமிருந்த கோபத்தையெல்லாம் ஒரு காலி பீர்ப் பெட்டியின் மேல் காட்டினாள், கால்தான் வீங்கியது.

என் தம்பி ஊரை மறைக்க நட்டானா, மரியாதைக்கு நட்டானா? சத்தியமாக அவனுக்கே தெரியாது. கேட்டால் அழுதுவிடுவான். அதுதான் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது. திட்டமிட்டுச் செய்திருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம்.

திங்கட்கிழமை கோல்பேயிடம் ஓடினோம்.

"அருமையான நடவு மேடம். நாட்டு மரம், வெட்டின இடத்துலயே ஈடு. விதிமுறைல இதைவிடச் சுத்தமா பண்ண முடியாது," என்றார்.

"கோல்பே சார், பார்வையைத் திறக்க வெட்டினோம். அதே பார்வையில நட்டிருக்காங்க."

"வெட்ட அனுமதி இருந்துச்சு, அங்க மறுபடி மரம் வைக்கக்கூடாதுன்னு எங்கயும் இல்லையே. உங்க பிளான் நினைவிட எல்லையோட முடிஞ்சிடுச்சு. அதுக்கு அப்பால கிராமத்து நிலம். இப்ப மார்ச் பிறந்தாச்சு, அக்டோபர் வரைக்கும் தொட முடியாது."

"அவங்களுக்கு எண்பத்தேழு வயசு!"

"மனுஷங்க வயசுக்கு விதியில இடம் இல்லைங்களே," என்றார் பாவம், உண்மையான வருத்தத்தோடு.

விழாவுக்கு இரண்டு வாரம். கெசினே தினமும் ஷாரி அம்மாவுக்குப் போன் எடுப்பாள், பயணம், மருந்து, சாப்பாடு பற்றியெல்லாம் பேசுவாள், மரத்தைப் பற்றிச் சொல்லாமலே வைத்துவிடுவாள். "நாளைக்குச் சொல்லிடறேன்" என்பாள். போட்டோ எங்கே என்று அவர் கேட்டதற்கு, "நேர்ல பாருங்க அம்மா" என்றாளாம். அன்றைக்கு முழுக்க ஆபீசில் பிரிண்டரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

விழா நாள் நல்ல வெயில். மந்திரி பேசினார், பாதிரியார் பேசினார், பள்ளிப் பிள்ளைகள் குழல் ஊதினார்கள். மந்திரி பெயர்மரங்களைப் பற்றி ரொம்ப உருக்கமாகப் பேசினார், ஊரார் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். ஷாரி அம்மா வீல்சேரில் அசையாமல் இருந்தார். எல்லாம் முடிந்ததும் கெசினேயைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"மணிக்கூண்டு எங்க கண்ணு?"

கெசினே மண்டியிட்டு உட்கார்ந்தாள். "அந்த மரத்துக்குப் பின்னால இருக்கும்மா. என்னை மன்னிச்சிடுங்க. என்னால... அதுல பேரு இருக்கு. வெட்ட முடியல."

ஷாரி அம்மா மரவரிசையை நோக்கிக் கைத்தடியை நீட்டினார். "என் தங்கச்சி பேரு எதுல இருக்கு?"

ஹைனர்தான் முன்னால் வந்தான். வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போய் வரிசையின் நடுவில் நிறுத்தினான். ஷாரி அம்மா கைத்தடியை ஊன்றி எழுந்து தகட்டைத் தடவினார்.

"இவளா? நல்லாப் பார்த்துத்தான் நட்டிருக்கீங்க தம்பி. எனக்கும் கடிகாரத்துக்கும் நடுவுல இவளை நிறுத்தியிருக்கீங்க. இபோயா யாரோட பார்வையையும் மறைச்சு நின்னவ இல்லையே. தானே பார்த்து எனக்குச் சொன்னவ." திரும்பி கெசினேயைப் பார்த்தார். "நீ தோட்டக்காரிதானே? ரம்பம் வச்சிருப்பியே?"

கெசினேயின் கோட்டுப் பையில் மடக்கு ரம்பம் எப்போதும் இருக்கும். எடுத்துக் கொடுத்தாள். கோல்பே ஓர் அடி முன்னால் வைத்தார், பின் நின்றுவிட்டார். மந்திரியின் உதவியாளர் எதையோ சொல்ல வந்து விழுங்கினார்.

"நீ பிடிச்சுக்கோ தம்பி, ஆடுது," என்றார் ஷாரி அம்மா.

என் தம்பி மண்டியிட்டு மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இரண்டு விரல் பருமன்தான். ஆனால் ஷாரி அம்மாவின் கைக்கு அது பெரிய வேலை. நின்று நின்று அறுத்தார். யாரும் உதவிக்கு வரத் துணியவில்லை. மரம் சாய்ந்ததும் தகட்டைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு தன் பழைய இடத்துக்கு வீல்சேரைத் தள்ளச் சொன்னார்.

அந்த ஒரே இடத்திலிருந்து, ஒரு மர அகலத்துக்கு, மணிக்கூண்டு தெரிந்தது.

ரொம்ப நேரம் பார்த்தார். "பக்கத்துல அந்த வீடு யாரோடது?"

"எங்களுதும்மா," என்றான் ஹைனர்.

"அந்த வீட்டுப் புல்வெளியில திங்கக்கிழமை திங்கக்கிழமை துணி காயும். வெள்ளைவெளேர்னு. அதை வச்சுத்தான் நாங்க கிழமை தெரிஞ்சுப்போம். ஒரு பொண்ணு காயப்போடுவா, என்னைவிடச் சின்னவ. ஒருநாள் எண்ணி முடிக்கிற நேரத்துல இபோயா அவளைப் பார்த்துக் கையை ஆட்டிட்டா. அந்தப் பொண்ணு அப்படியே நின்னு பார்த்தா. அப்புறம் ஈரத்துணியையெல்லாம் கொடியிலேருந்து உருவிக் கூடையில போட்டுக்கிட்டு உள்ள ஓடிட்டா. அதுக்கப்புறம் முன்பக்கம் துணியே போடல. எங்களுக்குக் கிழமை தெரியாமப் போச்சு."

அந்த வீட்டில் அப்போது ஒரே ஒரு சின்னப் பெண்தான் இருந்தாள். ஹைனர் என்னைப் பார்த்தான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அக்கா," என்றான், "அதான் நம்ம வீட்டுல துணியே காயாது."

பிறகு ஷாரி அம்மாவின் பக்கம் திரும்பி, "அது எங்க அம்மா," என்றான். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

அந்தக் குளிர்காலத்தில் ஷாரி அம்மா போய்ச் சேர்ந்தார். வரிசையில் ஒரு மரம் குறைகிறது, ஈடாக ஒன்று நடவும் என்று மாவட்ட ஆபீசிலிருந்து தாக்கீது வந்தது. கெசினே அதைப் படித்துவிட்டு என் தலைக்குமேல் பறக்கவிட்டாள். மிச்ச மரங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றை இடம் மாற்ற அவள் எழுதாத மனு இல்லை, ஏறாத படி இல்லை. ஹைன்பூகேயை வெட்டினால் சாகாது, அடியிலிருந்து துளிர்த்துக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு பிப்ரவரியும் முட்டிவலியோடு போய், திட்டிக்கொண்டே அந்தத் துளிரை நறுக்கிவிட்டு வருவாள்.

இந்த வருடம் போனபோது ஏற்கெனவே தரையோடு நறுக்கியிருந்ததாம்.

"உன் தம்பி முந்திக்கிட்டான்டி," என்று போனில் கத்தினாள். "வெட்டினவன் ஒண்ணை மட்டும் வெட்டிட்டுப் போயிருக்கான். பக்கத்துல நிக்கிறதையும் வெட்டினா என்னவாம் அவனுக்கு?"

அந்த ஒரு மர இடுக்கு வழியாக அவள் ஊரைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, "திங்கக்கிழமைதானே இன்னைக்கு?" என்றாள். "உங்க வீட்டு முன்னால துணி காயுது."